எம்.எல்.ஏ.வின் ஐந்தாண்டு சாதனைக் கையேடு: எதை ஏற்கலாம், எதை எங்கே சரிபார்க்கலாம்

மறுபடியும் போட்டியிடும் சட்டமன்ற உறுப்பினரின் பெயரில் தேர்தலுக்குச் சற்று முன் வழவழப்பான கையேடு ஒன்று வீடு வீடாக வந்துவிடும். முன்பாதி முழுக்க ‘செய்தோம்’, பின்பாதியில் ‘செய்வோம்’. அடிக்கல் நாட்டும் படம், ரிப்பன் வெட்டும் படம், கோடிக்கணக்கில் தொகைகள். காசு கொடுத்து வாங்குவதில்லை என்பதால் பலரும் புரட்டிவிட்டுப் பழைய பேப்பரோடு சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். ஐந்து ஆண்டு வேலைக்கு எம்.எல்.ஏ. தானே எழுதிக் கொடுக்கும் கணக்கு அது ஒன்றுதான். 2021 மே மாதம் அமைந்த 16-வது சட்டப்பேரவையை மனத்தில் வைத்து, இந்தக் கையேடுகளையும் அவற்றைச் சரிபார்க்க உதவும் பொதுச் சேவைகளையும் இங்கே மதிப்பிடுகிறோம். உறுப்பினர் எந்தக் கட்சி என்பது இந்த மதிப்பீட்டுக்குத் தேவையில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலான கையேடுகளுக்கு 5-க்கு 2 மதிப்பெண்தான் தர முடியும். எழுதியிருப்பது பொய் என்பதால் அல்ல. எம்.எல்.ஏ. தானே தேர்ந்தெடுத்துச் செய்த வேலை, கேட்டுப் போராடி வாங்கிய வேலை, யார் எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் வந்திருக்கும் திட்டம் ஆகிய மூன்றையும் ஒரே பட்டியலில் கலந்து ஒரே தொகையாகக் கூட்டிவிடுகிறார்கள். ‘தொகுதிக்கு 600 கோடி ரூபாய்த் திட்டங்கள்’ என்று அட்டையில் இருந்தால் அந்தக் கூட்டல்தான் அது. மூன்றையும் பிரித்துப் போட்டுவிட்டால் கையேடு உடனே பயனுள்ளதாகிவிடும். பிரித்துத் தராதபோது நாம்தான் பிரிக்க வேண்டும். ஒரு மாலைப் பொழுதும் ஒரு பென்சிலும் போதும்.

கடைசிப் பக்கத்தில் தொடங்குங்கள்

உள்ளே படிக்கும் முன் பின்னட்டையின் அடிப்பகுதியைப் பாருங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127-ஏ இதைக் கட்டாயமாக்குகிறது. வெளியிடுபவர் தன் அடையாளத்தை உறுதிசெய்து, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த படிவத்தை அச்சகத்திடம் தர வேண்டும். அச்சகம் அந்தப் படிவத்தையும் அச்சிட்டதன் ஒரு பிரதியையும் மாவட்ட ஆட்சியருக்கு (தலைநகர் சென்னையில் அச்சிட்டால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு) அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. அச்சுச் செலவு வேட்பாளரின் கணக்கில் ஏறுவது இந்த வரியை வைத்துத்தான். வேட்புமனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை பயன்படுத்தும் பிரசாரப் பொருள் எல்லாம், முன்கூட்டியே அச்சிட்டதாக இருந்தாலும், செலவுக் கணக்கில் வர வேண்டும். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் உச்சவரம்பு 2022 ஜனவரி முதல் 40 லட்சம் ரூபாய். 2021 தேர்தலில் அது 30.80 லட்சமாக இருந்தது. பல ஆயிரம் பிரதிகளை வண்ணத்தில் அடித்தால் இந்த வரம்பில் கணிசமான பங்கு போய்விடும். பெயரில்லாத கையேடுகள் புழங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது அத்தகைய கையேடு விநியோகிக்கப்படுவதைப் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் புகார் தரலாம். செயலிக்குள்ளிருந்தே படம் எடுக்க வேண்டும். கைப்பேசியில் ஏற்கெனவே சேமித்த படத்தை அது ஏற்காது. 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையம் வைத்திருக்கும் இலக்கு.

மூன்று கணக்குகள்

முதல் கணக்கு, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஐந்தாண்டுக்கு 15 கோடி. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இல்லை, 234 பேருக்கும் ஒரே தொகை. வேலையைப் பரிந்துரைப்பது மட்டும்தான் எம்.எல்.ஏ. நிர்வாக ஒப்புதல் தருவது மாவட்ட ஆட்சியர். ஊரகப் பகுதியில் ஊராட்சி ஒன்றிய அலுவலகமும், நகரத்தில் நகராட்சியோ மாநகராட்சியோ செயல்படுத்தும். ஆகவே ‘எனது சொந்த முயற்சியில்’ என்று அடிக்குறிப்பு இருந்தாலும், ‘எனது நிதி’ என்று இருந்தாலும், அது அரசுப் பணம், எம்.எல்.ஏ. தேர்ந்தெடுத்த இடம். அந்தத் தேர்வுக்குத்தான் அவருக்கு மதிப்பெண்.

இந்த 15 கோடியை வைத்து எல்லாத் தொகுதியையும் ஒரே அளவுகோலில் அளக்கக் கூடாது. 2021 வாக்காளர் பட்டியலில் சோழிங்கநல்லூரில் ஏறத்தாழ 6.94 லட்சம் பேர், துறைமுகம் தொகுதியில் ஏறத்தாழ 1.76 லட்சம் பேர். ஒரே 15 கோடி, முதல் தொகுதியில் வாக்காளருக்கு ஐந்தாண்டில் 216 ரூபாய், இரண்டாவதில் 852 ரூபாய். பெரிய தொகுதி எம்.எல்.ஏ. ‘என் நிதியில் இத்தனை பணிகள்’ என்று குறைவான எண்ணிக்கை காட்டினால் அதை வைத்து மட்டும் அவரைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமில்லை. இன்னொன்று, அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. வரியையும் உள்ளடக்கிய 10 லட்சம் மதிப்பீடு என்றால் களத்தில் இறங்கும் வேலையின் அளவு ஏறத்தாழ 45,000 ரூபாய் குறைந்திருக்கும். அதே 10 லட்சத்துக்கு 2021-இல் போட்ட தெரு சற்று நீளமாகவும் 2023-இல் போட்டது சற்றுக் குட்டையாகவும் இருந்தால் உடனே முறைகேடு என்று முடிவுகட்ட வேண்டாம்.

இரண்டாவது கணக்கு, கேட்டு வாங்கியது. கலைக் கல்லூரி, தாலுகா மருத்துவமனை தரம் உயர்வு, புறவழிச்சாலை, ரயில்வே மேம்பாலம், புதிய பேருந்து நிலையம் போன்றவை. இதில்தான் நல்ல எம்.எல்.ஏ.வும் சுமாரான எம்.எல்.ஏ.வும் பிரிகிறார்கள். இதற்கு ஆதாரம் சபைப் பேச்சிலும் அரசாணையிலும் இருக்கும், பின்னால் வருகிறது.

மூன்றாவது, எல்லாத் தொகுதிக்கும் வந்தது. 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமில்லாப் பயணம். இவை நல்ல திட்டங்களா என்பது வேறு விவாதம். ‘நமது தொகுதியில் இத்தனை ஆயிரம் மகளிருக்கு உரிமைத் தொகை’ என்ற வரிக்கு எம்.எல்.ஏ.வுக்குத் தனியாக மதிப்பெண் கிடையாது. மேல்முறையீட்டு விண்ணப்பங்களுக்கு அலுவலகத்தில் ஆள் வைத்து உதவினார், விடுபட்ட மலைக்கிராமத்துக்கு முகாம் நடத்தவைத்தார் என்பது போன்ற தகவல் இருந்தால் அதற்கு உண்டு. ஊரக வீடுகளுக்குக் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டக் குழாய் இணைப்பும் இப்படித்தான். அதன் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்கின்றன.

சாலையில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஓரத்தில் உள்ள மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலைத் திட்டம். மஞ்சள் தலைக் கல் உள்ள சாலையின் நான்குவழிப் பணியை எம்.எல்.ஏ. தன் கணக்கில் எழுதியிருந்தால், அந்த வரியை மூன்றாவது கணக்குக்கு மாற்றிவிடலாம்.

பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் 1, 2, 3 என்று போட்டு முடித்தபின் முதல் எண் பெற்றவற்றை மட்டும் கூட்டிப் பாருங்கள். 15 கோடியை ஒட்டி வந்தால் கையேடு நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது. 15 கோடியைத் தாண்டி 40, 50 என்று போனால் பிற துறைகளின் வேலை உள்ளே நுழைந்திருக்கிறது. மிகக் குறைவாக வந்தால்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். நிதி பயன்படாமல் கிடந்ததா என்று கேட்டாக வேண்டும்.

வேலையை நேரில் பார்க்கும்போது

தொகுதி நிதியில் அதிகம் காண்பவை பயணியர் நிழற்குடை, உயர்கோபுர மின்விளக்கு, நியாயவிலைக் கடை, அங்கன்வாடி, நாடக மேடை, பேவர் பிளாக் தெரு, ஆழ்துளைக் கிணறு, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. ஒவ்வொன்றும் கெட்டுப்போகும் விதம் வேறு. படத்தில் எல்லாமே அழகாக இருக்கும். திறப்பு விழா முடிந்து ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

உயர்கோபுர விளக்கை நிறுவ நிதி உண்டு. ஆனால் மின்கட்டணம் ஊராட்சி அல்லது நகராட்சியின் தலையில் விழும். வருமானம் குறைந்த ஊராட்சி பாதி விளக்கை அணைத்துவிடும், அல்லது பழுதானதை மாற்றாமல் விட்டுவிடும். கம்பத்தில் எட்டு விளக்கு இருந்தால் இரவில் எத்தனை எரிகின்றன என்று எண்ணுங்கள்.

தொட்டியைப் பொறுத்தவரை கொள்ளளவை மட்டும் பார்க்காதீர்கள். 30,000 லிட்டர் தொட்டி ஒருமுறை நிரம்பினால், ஊரகத்துக்கான ஜல் ஜீவன் அளவான ஒருவருக்கு 55 லிட்டர் கணக்கில் 545 பேருக்குத்தான் போதும். ஊரில் 1,500 பேர் இருந்தால் நாளொன்றுக்கு மூன்று முறை நிரம்ப வேண்டும். அதற்கான ஊற்று இருக்கிறதா? தொட்டி கட்டி முடித்து, ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வற்றி, மோட்டாருக்கு மின் இணைப்பும் வராமல் நிற்பது நடக்கிறது. தொட்டி ஒரு பணி, கிணறு ஒரு பணி, மின் இணைப்பு ஒரு பணி என்று மூன்று மதிப்பீடுகளாகப் பிரிந்து போவதுதான் காரணம். மூன்றில் ஒன்று தாமதித்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப்போகும்.

பேவர் பிளாக் தெருவில் கல்லின் தடிமனைக் கேளுங்கள். நடைபாதைக்கு 60 மி.மீ. போதும், குப்பை வண்டியும் டிராக்டரும் போகும் தெருவுக்கு 80 மி.மீ. வேண்டும். இரண்டு ஓரத்திலும் கான்கிரீட் விளிம்புக் கல் இல்லையென்றால் முதல் மழைக்காலத்திலேயே கல் விலகத் தொடங்கும். தார்ச்சாலை என்றால் பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டார்களா என்று பாருங்கள். சுரண்டாமல் மேல் மேலே போட்டதால் வீடுகள் சாலைக்குக் கீழே போய், மழைநீர் வாசல் வழியாக உள்ளே வரும் தெருக்கள் நிறைய உள்ளன. அதை ‘சாலை மேம்பாடு’ என்று ஒப்புக்கொள்ள முடியாது.

அங்கன்வாடி, நியாயவிலைக் கடை கட்டடங்களில் சிக்கல் வேறு வகை. நிலம் அரசு அல்லது உள்ளாட்சியின் பெயரில் இருக்க வேண்டும். நத்தமா, புறம்போக்கா, நீர்நிலையா என்ற வகைப்பாட்டில் சிக்கினால் பரிந்துரை செய்த வேலை ஆண்டுக்கணக்கில் தூங்கும். கட்டி முடித்தபின்னும் துறையிடம் முறையாக ஒப்படைக்காமல் பூட்டியே கிடக்கும். கையேட்டில் ‘முடிக்கப்பட்டது’ என்று இருக்கும். ஊரில் கடை இன்னும் வாடகைக் கட்டடத்தில்தான் நடக்கும். ‘முடிந்ததா’ என்பதைவிட ‘பயன்பாட்டில் இருக்கிறதா’ என்பதே சரியான கேள்வி.

கடைசி இரண்டு மூன்று மாத அடிக்கல் நாட்டு விழாக்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்தல் தேதி அறிவித்ததும் நடத்தை விதிகள் அமலாகும். அதன்பின் தொகுதி நிதியில் புதிய ஒதுக்கீடு கிடையாது. பணி ஆணை கொடுத்திருந்தாலும் களத்தில் தொடங்காத வேலையைத் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே நடக்கும் வேலை தொடரலாம். ஆக, கல் மட்டும் நட்ட வேலை முடிவு வரும்வரை கல்லாகவே நிற்கும். அதைச் ‘சாதனை’யில் சேர்க்காமல் ‘வாக்குறுதி’யில் சேருங்கள்.

சபைக்குள் செய்தது

கையேடுகளில் மிகவும் மெலிந்த பகுதி இதுதான். சட்டமன்ற உறுப்பினரின் முதல் வேலை சட்டமன்றத்தில். ஆனால் அதற்கு அரைப் பக்கம்கூட ஒதுக்குவதில்லை. ‘சபையில் ஓங்கிக் குரல் கொடுத்தார்’ என்ற வரியோடு முடிந்துவிடும்.

சரிபார்க்க வேண்டிய இடம் பேரவையின் இணையதளத்தில் உள்ள நடவடிக்கைக் குறிப்புகள். தமிழிலேயே இருப்பது பெரிய வசதி. தேடுவது கடினம், பக்கங்கள் பட வடிவில் இருந்தால் பெயரைத் தட்டச்சு செய்து தேட முடியாது. ஒவ்வொரு துறைக்கும் நிதி ஒதுக்குவது பற்றிய மானியக் கோரிக்கை விவாத நாட்களை முதலில் எடுங்கள். ஊரக வளர்ச்சி, நகராட்சி நிர்வாகம், நெடுஞ்சாலை, மக்கள் நல்வாழ்வு, நீர்வளம் ஆகிய ஐந்து துறை நாட்களைப் பார்த்தாலே ஒரு தொகுதியின் கோரிக்கைகளில் பெரும்பகுதி கிடைத்துவிடும். 2022 ஜனவரி 6 முதல் கேள்வி நேரம் நேரலையாக ஒளிபரப்பாகிறது என்பதால் அதன் காணொளிகளும் உதவும். எம்.பி.க்களுக்கு பி.ஆர்.எஸ். என்ற சட்டமன்ற ஆய்வு அமைப்பு தருவது போல வருகை, கேள்வி எண்ணிக்கை அட்டவணை ஒன்று நம் எம்.எல்.ஏ.க்களுக்கும் தயாராகக் கிடைத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். அது இல்லாததால் இந்தச் சேவைக்கு 5-க்கு 3.

எண்ணிக்கையைவிட அமைச்சரின் பதிலைப் படியுங்கள். ‘ஆவன செய்யப்படும்’, ‘சாத்தியக்கூறுகள் ஆராயப்படும்’, ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்பவை அன்றைய கேள்வியை முடித்துவைக்கும் பதில்கள். ‘இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்’ என்று வந்தால் அது உறுதிமொழி. பேரவையின் அரசு உறுதிமொழிக் குழு பின்தொடர வேண்டியது அதைத்தான். அடுத்த ஆண்டு அதே துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் அந்த வேலை இடம்பெற்றதா, அரசாணை எண்ணும் தேதியும் வந்ததா என்று பாருங்கள். கேள்வி, பதில், கொள்கை விளக்கக் குறிப்பு, அரசாணை ஆகிய நான்கும் வரிசையாகக் கிடைத்தால் அந்த வேலைக்கான முழு மதிப்பும் அந்த எம்.எல்.ஏ.வுக்கே. பேரவை விதி 110-இன் கீழ் முதலமைச்சர் அறிவித்ததைத் தன் சாதனையாக எழுதியிருந்தால், அறிவிப்புக்கு முன் அவர் அதைக் கேட்டுப் பேசிய நாளைத் தேடுங்கள். அப்படி ஒரு நாள் கிடைத்தால் நியாயமான உரிமை கொண்டாடல்தான்.

அமைச்சராகவோ பேரவைத் தலைவராகவோ இருந்தவர்களை இந்த அளவுகோலில் அளக்க முடியாது. அவர்கள் கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை. அவர்களின் துறைச் செயல்பாட்டைப் பார்க்க வேண்டும்.

பிரமாணப் பத்திரம்: 5-க்கு 4½

இருப்பதில் மிகச் சிறந்த சேவை இது. வேட்புமனுவோடு வேட்பாளர் தரும் படிவம் 26, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறிவிடும். கே.ஒய்.சி. என்ற ‘உங்கள் வேட்பாளரை அறியுங்கள்’ செயலியிலும் பார்க்கலாம்; தன் பல செயலிகளை ஈசிஐநெட் என்ற ஒரே செயலியில் ஆணையம் இணைத்து வருகிறது. வழக்குகள், அசையும் சொத்து, அசையாச் சொத்து, கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, கல்வி, வருமானத்தின் மூலம், ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வாக்காளருக்குக் கிடைத்த உரிமை இது. எந்தக் கட்டத்தையும் வெற்றாக விடக் கூடாது என்று 2013-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மறுபடியும் நிற்பவரிடம் ஒரு தனி வசதி: 2021 பத்திரமும் இப்போதையதும் இரண்டும் கிடைக்கும். பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள். இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ரூபாய்த் தொகை. ‘சொத்து மும்மடங்கு உயர்வு’ என்று செய்தி வரும். ஆனால் 2021 ஏப்ரலில் பவுன் 35,000 ரூபாய் அளவில் இருந்தது, 2025 அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. 100 பவுன் வைத்திருந்த குடும்பம் ஒரு கிராம்கூட வாங்காமலே 35 லட்சம் 90 லட்சமாகியிருக்கும். அதனால் நகையைக் கிராமில் ஒப்பிடுங்கள், நிலத்தைப் புல எண்ணிலும் ஏக்கரிலும் ஒப்பிடுங்கள். புதிய புல எண், புதிய நிறுவனப் பங்கு, புதிய கடன் ஆகிய மூன்றும்தான் உண்மையான மாற்றத்தைக் காட்டும். சொத்து கூடியிருக்கிறது, ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கில் அதற்கேற்ற வருமானமும் இல்லை, கடனும் இல்லை, பரம்பரையாக வந்ததாகக் குறிப்பும் இல்லை என்றால் அந்த இடத்தில் நின்று கேள்வி கேளுங்கள். பொய்யான தகவல் தந்தால் பிரிவு 125-ஏ-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

வழக்குகளிலும் எண்ணிக்கை ஏமாற்றும். சாலை மறியல், தடையை மீறிய ஆர்ப்பாட்டம் ஆகியவற்றுக்கு வழக்கமாக இந்திய தண்டனைச் சட்டம் 143, 188. 2024 ஜூலை 1-க்குப் பின் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 189, 223. இருபது வழக்கு இருந்து அனைத்தும் இவையே என்றால் அவர் தெருவில் இறங்கியவர் என்று பொருள். ஒரே ஒரு வழக்கு, ஆனால் மோசடியோ ஊழலோ என்றால் அதுதான் கனமானது. குற்றச்சாட்டு வனையப்பட்டதா, வெறும் முதல் தகவல் அறிக்கை நிலையா என்ற கட்டத்தையும் விடாதீர்கள்.

அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், பல பத்திரங்கள் கையெழுத்தில் எழுதி மங்கலாக ஸ்கேன் செய்யப்பட்டவை. அங்கே ஏ.டி.ஆர். என்ற ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் மைநேதா தளம் கைகொடுக்கும். பழைய தேர்தல்களின் பத்திரங்களையும் அட்டவணையாக்கி வைத்திருக்கிறது. ஒப்பிட வசதியானது, ஆங்கிலத்தில் இருப்பது குறை. சந்தேகம் வரும் எண்ணை மட்டும் மூலப் பத்திரத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

‘செய்வோம்’ பக்கங்கள்

முன்னுரிமைகள் என்ற தலைப்பில் பத்து, பதினைந்து வரிகள் இருக்கும். இவற்றை அளக்க நல்லதொரு கருவி ஏற்கெனவே உண்டு, பலருக்கு நினைவில்லை. 2022 ஆகஸ்ட்டில் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்தை எல்லாத் தொகுதிக்கும் விரிவாக்கி, நீண்டநாள் நிறைவேறாத பத்து முக்கியக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் தருமாறு அனைத்து எம்.எல்.ஏ.க்களுக்கும் முதலமைச்சர் கடிதம் எழுதினார். ஆக ஒவ்வொரு தொகுதிக்கும் எம்.எல்.ஏ.வே எழுதிக் கொடுத்த பட்டியல் ஒன்று ஆட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதை வாங்கி இன்றைய முன்னுரிமைகளோடு ஒப்பிடுவதைவிடச் சிறந்த தேர்தல் ஆய்வு எதுவும் இல்லை. எத்தனை நிறைவேறின, எத்தனை மறுபடியும் புதிய வாக்குறுதியாக வந்திருக்கின்றன, எத்தனை சத்தமில்லாமல் காணாமல் போயின என்று மூன்றே மூன்று எண்களில் தெரிந்துவிடும்.

மறுபடியும் வந்த கோரிக்கை என்றாலே தோல்வி என்று பொருளில்லை. ரயில்வே மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விரிவான திட்ட அறிக்கை, ரயில்வே ஒப்புக்கொள்ள வேண்டிய பொது அமைப்பு வரைபடம், நிர்வாக ஒப்புதல், நில எடுப்பு, ஒப்பந்தப்புள்ளி, அதன்பின் கட்டுமானம். நில எடுப்பில்தான் ஆண்டுகள் கரையும். தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-இன் பிரிவு 15(2) அறிவிப்பு, ஆட்சேபணை விசாரணை, 15(1) அறிவிப்பு, இழப்பீட்டு நிர்ணயம், அதற்குள் ஒரு நீதிமன்ற வழக்கு. நான்கு ஆண்டில் முதல் படியிலிருந்து நான்காவது படிக்கு வந்திருந்தால் அந்த எம்.எல்.ஏ. உழைத்திருக்கிறார். ‘மேம்பாலம் அமைக்கப்படும்’ என்று மட்டும் எழுதும் கையேடு அந்த உழைப்பையும் மறைத்துவிடுகிறது, உழைக்காததையும் மறைத்துவிடுகிறது. எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் அது எம்.எல்.ஏ.வுக்கே நல்லது.

மருத்துவமனை தரம் உயர்வுக்கு ஒரே கேள்வி: பணியிடங்களுக்கு அரசாணை உண்டா? கட்டடம் மட்டும் வந்து, மயக்கவியல் மருத்துவரும் செவிலியரும் ஒப்பளிக்கப்படாவிட்டால் புதிய அறுவை அரங்கு பூட்டியிருக்கும், பிரசவ வலியோடு வருபவரை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள்.

தகவல் உரிமை விண்ணப்பம்

மேலே சொன்னதில் பாதி, ஆர்.டி.ஐ. இல்லாமல் முழுமையாகாது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஊரகப் பணிகளுக்கு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கும், நகரப் பணிகளுக்கு நகராட்சி அல்லது மாநகராட்சிக்கும் அனுப்புங்கள். தமிழ்நாடு அரசின் ஆர்.டி.ஐ. இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். 2021-22 முதல் ஆண்டு வாரியாக, தொகுதி மேம்பாட்டு நிதியில் பரிந்துரைத்த ஒவ்வொரு பணிக்கும் இடம், பரிந்துரைக் கடிதத்தின் தேதி, நிர்வாக ஒப்புதல் எண், மதிப்பீட்டுத் தொகை, பணி ஆணை தேதி, முடிந்த தேதி, வழங்கிய தொகை, ஆண்டிறுதியில் மீதமிருந்த தொகை. இதற்குமேல் சேர்க்க வேண்டாம். ஐயமுள்ள ஒன்றிரண்டு பணிகளுக்கு மட்டும் செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலைத் தனி விண்ணப்பத்தில் கேளுங்கள்; பக்கத்துக்கு 2 ரூபாய். பத்துக் கோரிக்கைப் பட்டியலுக்கு ஆட்சியர் அலுவலகத்துக்கு இன்னொரு விண்ணப்பம்.

வந்த பட்டியலைப் படிவம் 20-உடன் வைத்துப் பாருங்கள். வாக்குச்சாவடி வாரியான முடிவு அதில் இருக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் கிடைக்கும். தனக்கு வாக்கு குறைந்த ஊர்களுக்கு நிதியே போகவில்லை என்றால் பட்டியலிலேயே தெரிந்துவிடும். குறைந்த ஊர்களுக்கும் தேவைக்கேற்பக் கொடுத்தவரென்றால் அதுவும் தெரியும், அதை நாலு பேரிடம் சொல்லலாம். சாவடி எல்லைகள் மாறியிருக்கும் என்பதால் எண்ணை நம்பாமல் ஊர்ப் பெயரை வைத்துப் பொருத்துங்கள்.

பதிலுக்குச் சட்டப்படி 30 நாள். தவறான அலுவலகத்துக்குப் போனால் மாற்றி அனுப்ப 5 நாள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள். தேர்தல் அறிவிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. தேர்தல் ஏப்ரலில் என்றால் விண்ணப்பம் டிசம்பரிலேயே தபாலில் போயிருக்க வேண்டும். அந்தத் தவணையை விட்டவர்களும் அனுப்பலாம். வென்றவர் யாராக இருந்தாலும் அந்தப் பட்டியல் அவருடைய முதல் நாளில் மேசைமீது வைக்கப் பயன்படும்.